காஸ் எங்கே போகிறது?

திருகோணமலையில் பத்துப் பதினைந்து வருடம் பழகிய பிரிட்ஜ் நிற்கும் வீடுகள் ஏராளம். தொழிற்சாலையில் அடைத்த அதே காஸ்தான் இன்றும் அதற்குள் ஓடுகிறது. அதற்கு எப்போதாவது காஸ் நிரப்பியதாக வீட்டில் எவருக்கும் நினைவிருக்காது. நகரத்தைத் தாண்டித் தம்பலகாமத்து வயலுக்குப் போனால் கதை வேறு. நெல் வெட்டும் மெசினின் கண்ணாடிக் கூண்டில் ஏ.சி. குளிரவில்லை என்றால் முதலில் வரும் பேச்சு, "காஸ் முடிஞ்சிட்டுது, அடிச்சு விடுங்கோ" என்பதுதான். அடிப்பார்கள். சில நாள் குளிரும். அறுவடை முடிவதற்குள் கூண்டு மறுபடியும் கொதிக்கும்.

பிரிட்ஜும் மெசினின் ஏ.சி.யும் ஒரே விதியில் இயங்குபவை. ஒன்றில் பதினைந்து வருடமாகியும் தீராத காஸ், மற்றதில் ஒரே போகத்தில் எப்படித் தீர்ந்துபோகும்?

இது வெறும் சொகுசு பற்றிய கேள்வி அன்று. திருகோணமலை மாவட்டத்தில் சிறுபோக நெல் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களிலும் மூதூர், கிண்ணியா, சேருவில பக்கங்களிலும் அப்போது பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கும். ஓட்டுநரைச் சுற்றிக் கண்ணாடி, அருகிலேயே எஞ்சின். வெயில் உள்ளே வரும். உள்ளே வந்த வெப்பம் வெளியேற வழி தேடித் தவிக்கும். கதவைத் திறந்தால் காற்று வரும். கூடவே வைக்கோல் தூசியும் நெற்சுணையும் வரும். உமியில் சிலிக்கா நிறைய உண்டு. அந்தத் தூசி தோலை அரிக்கும், கண்ணை உறுத்தும், மூச்சோடு நெஞ்சுக்குள்ளும் போகும். கதவு மூடியிருக்க வேண்டுமானால் ஏ.சி. வேலை செய்தாக வேண்டும். வெயிலையும் தூசியையும் இரைச்சலையும் ஒரே அடைப்பால் தடுக்கும் இந்த எண்ணம் வயல் இயந்திரங்களுக்கு மெல்லத்தான் வந்து சேர்ந்தது. ஜோன் டியர் நிறுவனம் 'சவுண்ட்-கார்ட்' என்ற மூடிய கூண்டைத் தன் ட்ரக்டர்களில் அறிமுகப்படுத்தியது 1972இல்.

குளிர் வரும் வழி

மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதை எல்லோரும் அறிவார்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் அது பறித்துக்கொள்கிறது. இப்படி ஆவியாதலுக்காகவே செலவாகும் வெப்பம்தான் மறைவெப்பம். ஏ.சி.யும் இதையே செய்கிறது. ஆனால் அதில் இரண்டு மாற்றங்கள் உண்டு. நீருக்குப் பதிலாக மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும் திரவம் பயன்படுகிறது. ஆவியானது காற்றோடு போய்விடாமல் பிடிபட்டு மீண்டும் திரவமாக்கப்படுகிறது.

இன்று வயல் இயந்திரங்களின் கூண்டுகளில் பெரும்பாலும் இருக்கும் குளிரூட்டும் பொருள் ஆர்-134ஏ. திறந்த வெளியில் ஊற்றினால் சைபருக்குக் கீழே 26 பாகையிலேயே அது கொதிக்கும். அடைத்து வைத்து அமுக்கத்தைக் கூட்டினால் கொதிநிலையும் ஏறும். கராஜில் இருக்கும் மானி 28 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 28 இறாத்தல் காட்டும்போது அது 0 பாகையில் கொதிக்கும். 97 காட்டினால் 30 பாகையில், 176 காட்டினால் 50 பாகையில். திரவமும் ஆவியும் ஒன்றாக அடைபட்டிருக்கும் பாத்திரத்தில் வெப்பநிலை எதுவோ, அமுக்கம் அதற்குரியதாக இருந்தே தீரும். இந்த அமுக்கத்தை நிரம்பலாவி அமுக்கம் என்று பாடசாலையில் படித்தவர்கள் இருக்கலாம். ஏ.சி. திருத்துபவரின் முழுத் திறமையும் இந்த ஒரு தொடர்பின் மேல்தான் நிற்கிறது.

சுற்று இப்படிப் போகிறது. கூண்டின் கூரையிலோ இருக்கையின் பின்னாலோ இருக்கும் ஆவியாக்கியில் திரவம் தாழ்ந்த அமுக்கத்தில் கொதித்து, கூண்டுக் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிறது. எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் கொம்பிரசர், தமிழில் அமுக்கி, அந்த ஆவியை இழுத்து அமுக்குகிறது. ஆவி சூடேறுகிறது. அந்தச் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு அது மீண்டும் திரவமாகும் இடம் ஒடுக்கி. கராஜ்களில் கொண்டென்சர் என்பார்கள். பார்வைக்கு ரேடியேற்றரைப் போலவே மெல்லிய தகடுகள் நிறைந்தது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தி, அதன்பின் மிகச் சிறிய துளையுடைய விரிவு வால்வு. அந்தத் துளையைக் கடந்ததும் அமுக்கம் சட்டென விழுகிறது. திரவம் குளிர்ந்து ஆவியாக்கிக்குத் திரும்புகிறது.

அமுக்கினால் வாயு சூடேறும் என்பதற்குக் கிழக்கு மாகாணத்தில் வேறு சான்று தேட வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் ஏறி, மழையை அங்கேயே கொட்டிவிட்டு, மறுபக்கம் உலர்ந்த காற்றாக இறங்குகிறது. இறங்க இறங்க மேலிருக்கும் வளியின் பாரம் அதை அமுக்குகிறது. ஒரு கிலோமீற்றர் இறங்கும்போது ஏறக்குறைய 10 பாகை சூடேறுகிறது. திருகோணமலையைச் சுடும் கச்சான் இப்படி உருவானதுதான். மலைச்சரிவில் நடப்பதைக் கொம்பிரசர் ஒரு கைப்பிடி இடத்துக்குள் நடத்துகிறது.

இந்தச் சுற்றில் காஸ் எந்த இடத்திலும் செலவாவதில்லை. டீசல் எரிந்து தீர்கிறது. காஸ் எரிவதில்லை, கரைவதில்லை, பழசாவதில்லை. ஒரு கிலோகிராம் அளவான காஸ் ஒரு நிமிடத்துக்குள் முழுச்சுற்றையும் முடித்து மறுபடி தொடங்கும். அமுக்கிக் குளிரூட்டும் இயந்திரத்துக்கு ஜேக்கப் பேர்க்கின்ஸ் 1834இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றபோதே, திரவம் வீணாகாமல் திரும்பத் திரும்பப் பயன்படும் என்பதை அதன் சிறப்பாக எழுதிவைத்தார். ஆகவே காஸ் குறைந்திருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு: அது வெளியே போயிருக்கிறது.

பிரிட்ஜுக்கு இல்லாத ஓட்டைகள்

பிரிட்ஜின் கொம்பிரசரும் அதைச் சுழற்றும் மின்மோட்டரும் ஒரே உருக்கு ஓட்டுக்குள் வைத்து ஒட்டப்பட்டவை. சுழலும் தண்டு ஓட்டைவிட்டு வெளியே வருவதில்லை. குழாய்கள் உலோகத்தாலானவை, இணைப்புகள் உருக்கி ஒட்டியவை. அதுவோ ஒரு மூலையில் அசையாமல் நிற்கிறது.

வெட்டு மெசினில் இவை எல்லாம் தலைகீழ். கொம்பிரசரைச் சுழற்றுவது எஞ்சின்; அதனால் தண்டின் ஒரு முனை வெளியே நீட்டி நிற்க வேண்டும். சுழலும் தண்டுக்கும் அசையாத உடலுக்கும் இடையில் காஸைத் தடுப்பது ஒரு சின்ன சீல் மட்டுமே. எஞ்சின் ஒருபக்கம் அதிர, கூண்டு இன்னொருபக்கம் ஆட, இரண்டையும் இணைக்க இறப்பர் குழாய் தேவைப்படுகிறது. நல்ல இறப்பர் வழியாகவும் காஸ் மூலக்கூறுகள் மிக மெதுவாக ஊடுருவும். வரம்பு ஏறி இறங்கும் ஒவ்வொரு குலுக்கலும் இணைப்புகளைத் தளர்த்தும். கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் ஒட்டிய வயல்களில் கடற்காற்றின் உப்பு ஒடுக்கியின் அலுமினியத் தகடுகளில் படிந்து ஊசிமுனைத் துளைகளை அரித்து வைக்கும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாதது. தண்டின் சீல் இறுக்கமாக இருப்பது எண்ணெய்ப் படலத்தால். அந்த எண்ணெய் காஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகம் வரை மெசின் கொட்டிலில் நிற்கும்போது எண்ணெய் அடியில் தங்கிவிடுகிறது, சீல் உலர்கிறது, காஸ் மெல்லக் கசிகிறது. ஓடித் தேய்ந்த மெசினுக்கு மட்டுமன்றி, சும்மா நின்ற மெசினுக்கும் காஸ் குறைவது இதனால்தான்.

குற்றவாளி காஸ்தானா?

குளிரவில்லை என்றதும் காஸ் போத்தலைத் தேடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. வயலில் ஓடும் மெசினில் முதற்சந்தேகம் ஒடுக்கியின் மேல்தான் விழ வேண்டும்.

ஒடுக்கி வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க வேண்டுமானால் அது காற்றைவிடச் சூடாக இருக்க வேண்டும். வெளியே 35 பாகை என்றால், உள்ளே காஸ் 50, 55 பாகையில் திரவமாகும். உயரமுக்கப் பக்கத்தில் 176 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும். மெசின் வைக்கோலை நொறுக்கி ஊதும் தூசி, தகடுகளுக்கு இடையே பஞ்சுபோல் அடைந்துவிட்டால் காற்று புகாது. வெப்பம் போக இடமின்றிக் காஸின் வெப்பநிலை ஏறும். 70 பாகைக்குப் போனால் அமுக்கம் 290ஐத் தாண்டும். கொம்பிரசர் திணறும், குளிர் குறையும். கடைசியில் பாதுகாப்புச் சுவிட்ச் கொம்பிரசரை நிறுத்தும். சற்று ஆறியதும் மறுபடி ஓடவிடும். "கொஞ்ச நேரம் குளிருது, பிறகு சுடுகாத்து வருது" என்று ஓட்டுநர் சொன்னால் அடைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த நிலையில் காஸ் அடித்தால் ஏற்கெனவே மூச்சுமுட்டும் சுற்றில் இன்னும் திணிப்பதாகவே முடியும்.

துப்புரவு செய்ய எஞ்சினை நிறுத்தி, காற்று வழக்கமாக வரும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து ஊத வேண்டும். வந்த வழியே ஊதினால் தூசி இன்னும் ஆழமாக இறங்கும். அமுக்கம் அதிகமானால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றின் வழியை நிரந்தரமாக அடைத்துவிடும். கடலோர வயலில் வேலை செய்த மெசினுக்கு நன்னீரால் மெதுவாகக் கழுவுவது உப்பையும் போக்கும்.

அடுத்தது கூண்டின் காற்று வடிகட்டி. அது அடைபட்டால் ஆவியாக்கி குளிராகவே இருக்கும். அந்தக் குளிரை எடுத்து வரக் காற்றுத்தான் இராது. தூசியோடு ஈரமும் சேர்ந்தால் ஆவியாக்கியில் பனிக்கட்டி படிந்து மிச்ச வழியையும் மூடும். குளிர்நாடுகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கூண்டுகளில் எஞ்சினின் சுடுநீர் ஓடும் சூடாக்கியும் உண்டு. அதன் வால்வு முழுதாக மூடாவிட்டால் ஒரே பெட்டிக்குள் குளிராக்கியும் சூடாக்கியும் சண்டை பிடிக்கும். சூடாக்கிக்குப் போகும் குழாயைத் தற்காலிகமாக நெரித்துவிட்டுக் குளிர் கூடுகிறதா என்று பார்த்தால் உண்மை வெளிப்படும்.

கொம்பிரசர் சுழலவே இல்லை என்றால் பெல்ட், பியூஸ், வயர் என்று தேட வேண்டும். கொட்டிலில் நின்ற மெசினின் வயரை எலி கடித்திருப்பது புதிதில்லை. தாழமுக்கச் சுவிட்ச் கொம்பிரசரைத் தடுத்து வைத்திருக்கவும் கூடும். அந்தச் சுவிட்சைக் கம்பி போட்டுக் கடந்துவிடுவது ஆபத்தான வேலை. காஸ் இல்லாத சுற்றில் எண்ணெயும் சுற்றாது. எண்ணெயின்றிச் சுழலும் கொம்பிரசர் தன்னையே அரைத்து, அந்த உலோகத் துகளை முழுச் சுற்றுக்கும் அனுப்பிவிடும். நூறு ரூபாய்க் கம்பியால் மொத்த ஏ.சி.யும் பாழாகலாம்.

மானி சொல்வதும் சொல்லாததும்

இவை எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் மானிகளை மாட்ட வேண்டும். நீலம் தாழமுக்கப் பக்கம், சிவப்பு உயரமுக்கப் பக்கம்.

இரவு முழுதும் நின்ற மெசினில், எஞ்சினை இயக்குமுன், காலையில் மானிகளைப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். காற்றின் வெப்பநிலை 30 பாகை என்றால் அது 97 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். ஒரு கிலோ காஸ் உள்ள சுற்றிலும் 97தான். முந்நூறு கிராம் மட்டும் எஞ்சிய சுற்றிலும், சிறிதளவு திரவம் மிஞ்சியிருக்கும் வரை, அதே 97தான். நிரம்பலாவி அமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு அன்று. நின்றிருக்கும் மெசினின் மானியைப் பார்த்து "காஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

அதே காலை அளவு வேறு இரண்டு செய்திகளைச் சொல்லும். 97க்கு மிகக் கீழே இருந்தால் உள்ளே திரவம் ஒரு துளிகூட மிச்சமில்லை, கசிவு பெரிது. 97க்குக் கணிசமாக மேலே இருந்தால் சுற்றுக்குள் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது சரியாக வெற்றிடமாக்காமல் நிரப்பியபோது அகப்பட்ட காற்று. ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அமுக்கத்தைக் கூட்டுவதால், கலப்படம் மானியில் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

மெசின் ஓடும்போது படிக்க வேண்டியது இரண்டு மானிகளின் உறவை. இரண்டுமே தாழ்ந்திருந்தால் காஸ் குறைவு. உயரமுக்கம் மிக ஏறியிருந்தால் ஒடுக்கி அடைப்பு, மின்விசிறிக் கோளாறு, அளவுக்கு மிஞ்சிய காஸ், அல்லது காற்றுக் கலப்பு. தாழமுக்கப் பக்கம் வெற்றிடத்தை நோக்கி இறங்கினால் விரிவு வால்வோ உலர்த்தியோ அடைபட்டிருக்கிறது. அடைபட்ட இடத்துக்கு அப்பால் குழாயில் பனி பூக்கும். தாழமுக்கம் ஏறியும் உயரமுக்கம் இறங்கியும் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கொம்பிரசருக்கு அமுக்க வலு இல்லை. நான்கு கோளாறுகளும் ஓட்டுநருக்கு ஒன்றுபோலவே, "குளிரவில்லை" என்றுதான் தெரியும். காஸ் அடித்தால் தீருவது அவற்றில் ஒன்று மட்டும். அதுவும் கசிவை அடைத்த பிறகு.

ஓட்டையைப் பிடித்தல்

ஆர்-12 என்ற பழைய காஸ் இருந்த காலத்தில் கசிவு தேட ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். அதன் சுடர் செம்பின் மேல் படும். கசியும் காஸ் சுடருக்குள் இழுபட்டால், அதிலிருந்த குளோரின் செம்போடு சேர்ந்து சுடரைப் பச்சையாக்கும். ஆர்-134ஏயில் குளோரின் கிடையாது. அந்த விளக்கு இப்போது எதையும் காட்டாது. சவர்க்கார நுரை, புறஊதா ஒளியில் ஒளிரும் சாயம், மோப்பம் பிடிக்கும் மின்கருவி ஆகியவை இன்றைய வழிகள். சுற்று வெறுமையாகிவிட்டிருந்தால் உலர்ந்த நைதரசன் வாயுவை ஏற்றி அமுக்கம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு ஒட்சிசன் சிலிண்டரைத் தொடவே கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் ஆகாது. ஆர்-134ஏயே அமுக்கப்பட்ட காற்றோடு கலந்தால் தீப்பிடிக்கக்கூடியது.

கருவி எதுவும் இல்லாத ஓட்டுநரும் ஒரு தடயத்தைக் காணலாம். கசியும் இடத்தில் காஸோடு எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும். அதில் வயல் தூசி ஒட்டும். மற்ற இடமெல்லாம் வெளிறிய தூசி படிந்திருக்க, ஓர் இணைப்பில் மட்டும் கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் அங்கே நுரை வைத்துப் பார்க்கலாம்.

நிரப்புமுன் வெறுமையாக்குதல்

ஓட்டையை அடைத்த பின் சுற்றுக்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். ஒரு துளி நீர் போதும்: விரிவு வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் நீரை எப்படித் துடைப்பது? கொதிக்க வைத்துத்தான். வெற்றிடப் பம்பி உள்ளமுக்கத்தை வளியமுக்கத்தின் 24இல் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால் நீர் 30 பாகையிலேயே கொதித்து ஆவியாகிப் பம்பி வழியே வெளியேறும். திருகோணமலையின் சூடு இங்கே உதவிக்கு வருகிறது. ஆனால் எல்லா நீரும் ஆவியாக நேரம் வேண்டும். ஐந்து நிமிடம் பம்பியை ஓட்டிவிட்டுக் கழற்றுவதால் பயனில்லை. அரை மணிக்கு மேல் ஓட்டி, வால்வை மூடி, வெற்றிடம் நிலைக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பதே முறை. மானி ஏறினால் ஒன்றில் ஓட்டை இன்னும் இருக்கிறது, அல்லது நீர் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

பிறகுதான் காஸ். அதுவும் மானியைப் பார்த்து அன்று; தராசில் நிறுத்து. எத்தனை கிராம் என்று கூண்டிலோ கொம்பிரசருக்கு அருகிலோ ஒட்டிய தகட்டில் எழுதியிருக்கும். கொஞ்சம் கூடப் போட்டால் கூடக் குளிரும் என்று நம்புபவர்கள் உண்டு. மிகுதியான திரவம் ஒடுக்கிக்குள் தேங்கி, வெப்பம் வெளியேறும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அமுக்கம் ஏறிக் குளிர் குறைகிறது. மெசின் ஓடும்போது உயரமுக்கப் பக்கத்தைச் சிறு காஸ் போத்தலுக்குத் திறந்துவிட்டால் அமுக்கம் திரும்பப் பாய்ந்து போத்தல் வெடிக்கலாம். தோலில் பட்ட திரவம் அந்த இடத்தை உறையவைக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

போத்தலுக்குள் இருப்பது உண்மையில் என்ன என்பதும் முக்கியம். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்க் கொள்கலன்களைத் திருத்தியபோது நேர்ந்த வெடிப்புகளில் மூவர் இறந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் விற்ற போலிக் காஸில் மெதைல் குளோரைட் கலந்திருந்தது. அது கொம்பிரசரின் அலுமினியத்தோடு தாக்கமுற்று, காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் சேர்மத்தை உண்டாக்கியது. மலிவு என்று சமையல் காஸை நிரப்புவதும் இதே வகை விபரீதம். காய்ந்த வைக்கோலும் சூடான எஞ்சினும் பக்கத்திலேயே இருக்க, மூடிய கூண்டுக்குள் எரிவாயு கசிந்தால் தப்பிக்க நேரம் கிடைக்காது.

வானத்துக்குப் போன காஸ்

வயலில் கசிந்த காஸ் வயலோடு நின்றுவிடுவதில்லை. ஆர்-12இல் இருந்த குளோரின் உயரே போய் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 1985இல் அளந்து காட்டினார்கள். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. இலங்கை 1989 டிசெம்பரில் அதில் இணைந்தது. ஆர்-12 வகைக் காஸ்களை வளர்முக நாடுகளும் 2010இல் கைவிட்டன.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் 1,300 மடங்குக்கு மேல் வலியது. ஒரு கிலோவைக் காற்றில் விடுவது ஏறக்குறைய 500 லீற்றர் டீசலை எரிப்பதற்குச் சமம். அடைக்காத ஓட்டைக்கு மேல் ஒவ்வொரு போகமும் காஸ் அடிப்பவர், காசைச் செலவழித்து வானத்தைச் சூடாக்குகிறார். அந்தச் சூட்டிலேயே அடுத்த சிறுபோகத்தில் அவரது ஓட்டுநர் மெசின் ஓட்ட வேண்டியிருக்கிறது.

2016இல் கிகாலியில் மொன்றியல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. இலங்கை அதை 2018இல் ஏற்றுக்கொண்டது. இதன்படி இவ்வகைக் காஸ்களின் நுகர்வு 2024 முதல் உயராமல் நிறுத்தப்பட வேண்டும். 2029இல் பத்து வீதமும் 2045இல் எண்பது வீதமும் குறைய வேண்டும். இன்று வாங்கும் மெசின் வேலை செய்யும் காலத்துக்குள்ளேயே அதற்கான காஸ் அரிதாகி, விலையும் ஏறலாம். பழைய காஸைக் காற்றில் ஊதிவிடாமல் மீட்புக் கருவியால் இழுத்து, சுத்தப்படுத்தி, திரும்ப நிரப்பும் பழக்கம் ஒவ்வொரு விவசாயக் கராஜுக்கும் வர வேண்டும். அதற்கான பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரைத் தேடிப்போவது மெசின் உரிமையாளரின் கையில் இருக்கிறது.

மீட்டெடுப்பதில் இன்னொரு பலனும் உண்டு. தகட்டில் 1,200 கிராம் என்று எழுதியிருக்கும் மெசினிலிருந்து 900 கிராம் மீட்கப்பட்டால், போனது 300 கிராம் என்று கணக்குத் தெரிகிறது. கடைசியாக நிரப்பிய திகதியும் எடையும் கூண்டுக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளில் ஒட்டியிருந்தால், அந்த 300 கிராம் எத்தனை மாதத்தில் போனது என்பதும் தெரியும். இரண்டு வருடத்தில் போயிருந்தால் இறப்பர் குழாய்களும் சீலும் காரணமாகலாம். மெசின் நிற்கும் மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினை இயக்கிப் பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிட்டால் சீல் எண்ணெயில் நனைந்திருக்கும், இழப்புக் குறையும். இரண்டே வாரத்தில் போயிருந்தால் ஓட்டை எங்கோ வெளிப்படையாக இருக்கிறது. அடுத்த போத்தலைத் திறக்குமுன் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கராஜுக்கு மெசினைக் கொண்டுபோகும்போது, "எத்தனை கிராம் மீட்டீங்க, எத்தனை கிராம் போட்டீங்க?" என்று கேட்டு அந்தத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.